காலை ஆறு முதல் மதியம் ஒன்று வரை

கொரோனா ஊரடங்கின் வரலாற்றை நாளை எழுத வருகிறவர்களுக்குச் சான்றுகளுக்குப் பஞ்சம் இருக்காது. அரசாணைகள் இருக்கின்றன. நாள்தோறும் மாலையில் வெளியான சுகாதாரத் துறையின் செய்திக்குறிப்புகள் இருக்கின்றன. நீதிமன்ற உத்தரவுகள், செய்தித்தாள்கள், நெடுஞ்சாலையில் மூட்டையோடு நடந்துபோன தொழிலாளர்களின் புகைப்படங்கள் எல்லாம் இருக்கின்றன. என்னிடம் இருப்பது வேறொரு சான்று. 2020 மார்ச் முதல் 2021 ஜூன் வரை நான் எழுதிய மளிகைச் சிட்டைகள். பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில் எழுதி, கடையிலிருந்து திரும்பியதும் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு வைத்தவை. எழுதிய தாளைத் தூக்கிப்போட மனம் வராத தமிழ் ஆசிரியரின் பழக்கம்தான் காரணம். ஆவணம் சேர்க்கிறோம் என்ற நினைப்பெல்லாம் அப்போது இல்லை.

அந்தச் சிட்டைகளை அரசு அறிவித்த கடை நேரங்களோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்ததிலிருந்து பிறந்தது இந்தக் கட்டுரை. நேரங்களை முதலில் வரிசைப்படுத்திக்கொள்வோம். 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்றிரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. மார்ச் 29 முதல் மளிகை, காய்கறிக் கடைகள் காலை 6 முதல் மதியம் 2.30 வரை. ஏப்ரல் 5 முதல் அது காலை 6 முதல் மதியம் 1 வரை எனச் சுருங்கியது. ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு, கடையே இல்லை. ஜூன் 19 முதல் 30 வரை சென்னையிலும் சுற்று வட்டாரத்திலும் மீண்டும் கடுமையான ஊரடங்கு. கடைகள் மதியம் 2 வரை, அதுவும் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள், நடந்தே போக வேண்டும். 2021 மே 10 முதல் மதியம் 12 வரை. மே 15 முதல் காலை 10 வரை. மே 24 முதல் கடைகள் முற்றிலும் மூடல். காய்கறியும் பழமும் வண்டிகளில் வரும்.

இவை தொற்றைக் குறைக்க வகுத்த நேரங்கள். அவற்றின் தேவையை நான் கேள்வி கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நேரத்துக்குள்ளும் ஒரு வீட்டின் சித்திரம் ஒளிந்திருக்கிறது. காலை ஆறிலிருந்து ஒன்று வரை வேறு வேலை இல்லாத, கையில் குழந்தை இல்லாத, பையைத் தூக்கிக்கொண்டு உடனே கிளம்பக்கூடிய ஒருவர் எல்லா வீட்டிலும் இருக்கிறார் என்ற சித்திரம். அந்த ஒருவர் யார் என்று எந்த ஆணையும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது.

படியும் பையும்

வாங்கி வருவது யார், வைத்து ஆக்குவது யார் என்ற கேள்விக்குத் தமிழில் நீண்ட வரலாறு உண்டு. சிலப்பதிகாரத்தில் மதுரையின் புறஞ்சேரியில் வந்து தங்கும் கண்ணகிக்கு இடைக்குல மூதாட்டி மாதரி சமையலுக்கு வேண்டியதைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, தன் வீட்டுப் பால். வகுப்பில் இந்தப் பகுதியை நடத்தும்போதெல்லாம் தமிழின் பழைய மளிகைச் சிட்டைகளில் இது ஒன்று என்று மாணவிகளிடம் சொல்வேன். ஊருக்குப் புதிதாக வந்த பெண்ணின் அடுப்பை இன்னொரு பெண் நிரப்புகிறாள். கோவலன் உண்டு முடித்து, சிலம்பை விற்கக் கடைத்தெருவுக்குப் போகிறான். பொன் விற்கும் கடைத்தெரு ஆணுக்கு. அரிசியும் காயும் வந்து சேரும் வாசல் பெண்ணுக்கு.

அந்த வாசலுக்கு வந்து விற்றவர்களும் பெண்களே. அகநானூற்றில் நெல்லுக்கு உப்பை மாற்றிக்கொடுக்கத் தெருவில் கூவி வரும் உமணப் பெண் இருக்கிறாள். பெரும்பாணாற்றுப்படையில் மோர் விற்றுக் கிடைத்த தானியத்தால் சுற்றத்துக்குச் சோறிடும் ஆய்மகள் இருக்கிறாள். என் பாட்டி காலத்திலும் தஞ்சாவூர்ப் பக்கத்தில் இதுதான் நடைமுறை. கடைவீதிக்குப் போய் மாதச் சாமான் வாங்கி வருவது தாத்தா. தயிர், கீரை, மீன், முறுக்கு எல்லாம் வாசலுக்கு வரும். படியால் அளந்து, பேரம் பேசி, கொசுறு கேட்டு வாங்குவது பாட்டி. பாட்டியின் சந்தை அந்தத் திண்ணையளவுதான்.

கைமாற்று என்றொரு சொல் நம்மிடம் இருக்கிறது. அவசரத்துக்கு அடுத்த வீட்டில் ஒரு ஆழாக்கு அரிசி, ஒரு கரண்டி எண்ணெய் வாங்கி, பிறகு திருப்பிக் கொடுப்பது. வட்டி கிடையாது, எழுத்து கிடையாது, முழுக்கப் பெண்களின் நினைவில் ஓடும் கடன் கணக்கு. பாரதி குருவிகளுக்கு அரிசியை இறைத்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்த அரிசி செல்லம்மா அக்கம்பக்கத்தில் கைமாற்றாக வாங்கி வைத்திருந்தது என்பதையும் கதையோடு சேர்த்தே சொல்வார்கள். ஆனால் கேட்பவர் நினைவில் நிற்பது குருவி மட்டும்தான். அன்று மதியத்துக்கு அந்த வீட்டில் என்ன ஆனது, கைமாற்று எப்படித் திரும்பியது என்று கேட்டால் இலக்கிய வரலாறு கொஞ்சம் மாறும்.

நகரம் வந்தபோது மளிகை நிறுவனமானது. இந்தியாவின் முன்னோடி நுகர்வோர் கூட்டுறவுப் பண்டகசாலை 1904இல் சென்னை திருவல்லிக்கேணியில் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்கள் படித்த, சம்பளம் வாங்கும் ஆண்கள். பிறகு தென்மாவட்டங்களிலிருந்து வந்த அண்ணாச்சிமார் தெருமுனைக்குத் தெருமுனை கடை வைத்தார்கள். கடன் நோட்டு, செய்தித்தாள் பொட்டலம், சணல் கயிறு, கல்லாப்பெட்டி. கொத்தவால் சாவடியில் நெரிந்த மொத்த வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்கு மாறியது. இதற்கிடையே பெண்கள் திண்ணையிலிருந்து இறங்கி வரிசையில் நின்றுவிட்டார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பங்கீடு, 1952இல் ராஜாஜி அதை நீக்கியது, 1967 தேர்தலில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற வாக்குறுதி, 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் என்று தமிழ்நாட்டின் அரிசி அரசியலுக்கு ஆண்டுகள் உண்டு. அந்த அரிசியைத் தலைச்சுமையாக வீட்டுக்குக் கொண்டுவந்த பெண்களுக்கு ஆண்டுகள் கிடையாது. மண்ணெண்ணெய் வரிசையில் தனக்குப் பதில் ஒரு கல்லையோ பையையோ வைத்துவிட்டு, ஓடிப்போய்க் குழந்தைக்குச் சோறூட்டி வந்த உத்தியைக் கண்டுபிடித்தவர்கள் அவர்கள்.

இன்னொரு ஆண்டையும் இங்கே சொல்ல வேண்டும். 1918. உலகப்போரின் கடைசி மாதங்கள். அரிசி விலை ஏறி, செப்டம்பரில் சென்னை நகரின் கடைகள் சூறையாடப்பட்டன. மாகாணத்தின் பல ஊர்களில் தானியக் கலகங்கள் நடந்தன. அதே காலத்தில் இன்ஃபுளுயன்சா பரவியது. அந்தக் கலகங்களை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். கொள்ளைநோயை ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குக் கஞ்சி வைக்க அந்த வாரம் ஒரு தாய் அரிசியை எங்கே, எப்படி வாங்கினாள் என்பதை அவள் கையால் எழுதிய ஒரு துண்டுத்தாள்கூட என் கண்ணில் பட்டதில்லை. என் பிஸ்கட் டப்பாவைத் திரும்ப எடுத்ததற்கு அந்த வெற்றிடமும் ஒரு காரணம்.

மகளும் பூட்டும்

ஊரடங்கு தொடங்கியபோது என் மகளுக்கு ஆறு வயது. கணவர் பெங்களூரில் வேலையில் இருந்தார். ரயிலும் பேருந்தும் நின்றதும் அங்கேயே தங்கிப்போனார். அம்மா தஞ்சாவூரில். வில்லிவாக்கத்தில் இரண்டாவது மாடி வீட்டில் நானும் மகளும் மட்டும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே கல்லூரியில் இணைய வகுப்பைத் தொடங்கச் சொல்லிவிட்டார்கள். முதல் வகுப்பு ஒன்பதரை மணிக்கு. ஒன்றேகால் வரை அடுத்தடுத்து வகுப்பு. கடை ஒரு மணிக்கு மூடும்.

ஆக எனக்கு மிஞ்சியது காலை ஆறிலிருந்து ஒன்பது வரை. அதில் மகள் எழுந்திருப்பது ஏழு மணிக்கு. கடைகளில் சிறு குழந்தைகளை அழைத்து வராதீர்கள் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். முதல் வாரம் வேறு வழியின்றி அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். முகக்கவசம் அவள் கண்வரை ஏறியிருந்தது. “பிள்ளைய எதுக்கு டீச்சர் கூட்டிட்டு வந்தீய?” என்றார் அண்ணாச்சி, உண்மையான கவலையோடு. அடுத்த வாரம் அவள் தூங்கும்போதே வெளிக்கதவைப் பூட்டி, சாவியை எதிர்வீட்டு ஆச்சியிடம் கொடுத்துவிட்டு, ஐந்தே முக்காலுக்குப் படியிறங்கினேன். “தூங்குற பிள்ளைய விட்டுட்டா வந்தே?” என்றார் வரிசையில் நின்ற பக்கத்துத் தெரு அம்மா. அதுவும் உண்மையான கவலைதான்.

கூட்டி வந்தாலும் கேள்வி, விட்டு வந்தாலும் கேள்வி. எனக்கு முன்னால் வெள்ளை வட்டத்துக்குள் நின்ற ஆண்களில் பாதிப் பேருக்காவது வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். பிள்ளையை எங்கே விட்டுவிட்டு வந்தாய் என்று அவர்களில் ஒருவரையும் யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. கேட்கத் தேவையில்லை, பதில் கேட்பவருக்கே தெரியும்.

அந்த மாதத்துச் சிட்டைகளில் சாமான் பெயர்களுக்குப் பக்கத்தில் நிமிடங்கள் எழுதியிருக்கின்றன. ‘பால் 5. அண்ணாச்சி 15. காய் 10. மருந்துக்கடை?’ மருந்துக்கடைக்கு எதிரே கேள்விக்குறி. முப்பது நிமிடத்துக்குள் திரும்பினால் அவள் விழித்திருக்க மாட்டாள். திரும்பியதும் குளியல். பொட்டலங்களைச் சோப்பு நீரில் துடைப்பது, காய்கறியை மஞ்சளும் உப்பும் கலந்த தண்ணீரில் போடுவது, சில்லறையைத் தனியே வெயிலில் வைப்பது. தொட்டால் ஒட்டுமா என்று அறிவியலுக்கே அப்போது தெளிவு கிடையாது. தெளிவு வரும்வரை துடைத்துக்கொண்டிருந்தது யார் கை என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

செயலி வழியாக வாங்கலாமே என்று உடன் பணியாற்றுபவர்கள் சொன்னார்கள். நள்ளிரவு பன்னிரண்டுக்கு மறுநாளின் நேர ஒதுக்கீடு திறக்கும். திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். வகுப்புக்குத் தயாரித்து, விடைத்தாள் திருத்தி, மகளைத் தூங்கவைத்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு அலைபேசியோடு உட்கார்ந்த இரவுகள் உண்டு. வாய்த்தது மூன்று முறை.

ஏப்ரல் 25

ஏப்ரல் 24 அன்று நான்கு நாள் முழு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. மறுநாள் ஏப்ரல் 25, சனிக்கிழமை, சென்னைக் கடைவீதிகளிலும் கோயம்பேட்டிலும் கூட்டம் நெரிந்தது. மக்களுக்குப் பொறுப்பில்லை என்று தொலைக்காட்சி விவாதங்களில் பேசினார்கள். அன்றைய என் சிட்டை மற்ற நாள் சிட்டைகளைவிட மூன்று மடங்கு நீளம். அரிசி, பருப்பு, ரவை, பால் பவுடர், மெழுகுவர்த்தி. கடைசியில் ‘கலர் பென்சில் (கிடைத்தால்)’.

நான்கு நாளுக்கு வாங்கி வைத்துக்கொள் என்று சொல்வதில் மூன்று நிபந்தனைகள் அடங்கியிருக்கின்றன. நான்கு நாள் பணம் ஒரே நாளில் கையில் இருக்க வேண்டும். கெடாமல் வைக்கக் குளிர்பதனப் பெட்டி வேண்டும். தூக்கி வர ஆள் வேண்டும். எனக்கு முதலிரண்டும் இருந்தன. எங்கள் வீட்டில் வேலை செய்துவந்த அக்காவுக்கு மூன்றாவது மட்டும் இருந்தது. அவர் வாழும் பகுதியில் எண்ணெய் அன்றன்றைக்கு ஐம்பது மில்லி, பருப்பு அன்றன்றைக்குக் கால் கிலோ என்றுதான் வாங்குவார்கள். தினக்கூலியின் மளிகை தினமளிகை. கூலி நின்ற நாளில் கடையும் நிற்கிறது. அரசின் ஆணை மாதச் சம்பளக்காரரின் அலமாரியை மனதில் வைத்து எழுதப்பட்டிருந்தது.

தமிழ்நாட்டில் ரேஷன் கடை எல்லோருக்குமானதாக இருந்ததால்தான் பலர் தப்பினார்கள். அதையும் வரலாற்றில் சேர்த்தே எழுத வேண்டும். அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும், விலையில்லாமல் அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் ஏப்ரலில் டோக்கன் முறையில் கொடுத்தார்கள். ஒரு ரூபாய்க்கு இட்லி போட்டுவந்த அம்மா உணவகங்கள் சென்னையில் சில காலம் இலவசமாகவே உணவளித்தன. அங்கே சமைத்தவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். ஊரே வீட்டுக்குள் இருந்தபோது அவர்கள் விடியுமுன்னே மாவு கரைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாட்களில் அக்காவை அழைக்கும்போதெல்லாம் “சாப்டோம் மேடம், நீங்க பத்திரமா இருங்க” என்பார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். சிறுபாணாற்றுப்படையில் ஒரு வீடு வரும். பசித்த பெண் குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு உண்பாள். வறுமையின் உச்சத்தைக் காட்டப் புலவர் பசியோடு நிறுத்தவில்லை, சாத்திய கதவையும் சேர்த்திருக்கிறார். இருபதாண்டுகளாக அந்தப் பகுதியைப் பாடம் நடத்துகிறேன். எல்லாக் கதவும் சாத்தியிருந்த அந்த ஏப்ரலில், எந்தக் கதவு தொற்றுக்காகச் சாத்தியது, எந்தக் கதவு பசிக்காகச் சாத்தியது என்று தெருவிலிருந்து பார்த்தால் தெரியவில்லை.

கோயம்பேடு மூடியபோது

மே 5 அன்று கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. அங்கிருந்து பரவிய தொற்று கடலூர், விழுப்புரம், அரியலூர் வரை போயிருந்தது. சில நாள் கழித்துப் பூந்தமல்லியைத் தாண்டித் திருமழிசையில் தற்காலிகச் சந்தை திறந்தது. இடைப்பட்ட நாட்களின் சிட்டைகளில் காய்கறி என்று மட்டும் எழுதியிருக்கிறேன். எந்தக் காய் என்று எழுதுவதில் பயனில்லை, கிடைத்ததுதான் காய்.

அந்த வாரத்தில் எங்கள் தெருவுக்குக் கீரைக்கார ஆயா திரும்பி வந்தார். கோயம்பேட்டிலிருந்து சரக்கு எடுத்துத் தலைக்கூடையில் விற்றவர். பேருந்து நின்றதும் வரவில்லை. இப்போது திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து யாரோ சரக்கு வண்டியில் கொண்டுவந்து இறக்கும் கட்டுகளை வாங்கி விற்றார். காவலர்கள் ஒருமுறை கூடையைக் கவிழ்த்ததாகச் சொன்னார், மறுநாளும் வந்தார். நாங்கள் மாடியிலிருந்து கயிற்றில் பையை இறக்குவோம். ஆயா கீரையைப் போடுவார், பணத்தை எடுத்துக்கொள்வார், சில்லறையைப் பையில் வைப்பார். கொசுறாக இரண்டு கொத்து கறிவேப்பிலையும் மேலே ஏறி வரும். என் பாட்டியின் திண்ணைச் சந்தை இரண்டாவது மாடிக்குக் கயிறு வழியாக வந்து சேர்ந்திருந்தது. நவீன விநியோகச் சங்கிலி அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டவர் அறுபது வயதைக் கடந்த ஒரு பெண். அவருக்கு அனுமதிச் சீட்டு கிடையாது. ‘அத்தியாவசியப் பணியாளர்’ என்ற பட்டியலில் அவர் பெயர் எங்கும் இல்லை.

காலால் வாங்கியவர்கள்

ஊரடங்கு ஆண்களைச் சமையலறைக்குள் கொண்டுவந்துவிட்டது என்று அப்போது நிறைய எழுதினார்கள். ஜூனில், இரண்டு கிலோமீட்டருக்குள் நடந்துதான் போக வேண்டும் என்ற நாட்களில், கடை வரிசையில் ஆண்கள் அதிகம் நின்றது உண்மைதான். வெளியே போனால் தடியடி விழலாம், தொற்று வரலாம் என்ற நிலையில் பல வீடுகளில் ஆண்கள் பையை வாங்கிக்கொண்டார்கள். அதில் அக்கறை இருந்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் வரிசையில் நின்று கேட்டால் வேறொன்றும் காதில் விழும். “துவரம்பருப்பு எந்த பிராண்டு?” “உளுந்து முழுசா, உடைச்சதா?” “கொத்தமல்லின்னா தழையா, விதையா?” ஏறக்குறைய ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு அலைபேசி. சிலர் காணொளி அழைப்பில் தக்காளியைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். கடைக்குப் போனது கால்கள். வாங்கியது வீட்டில் இருந்த தலை. எண்ணெய் எத்தனை நாளுக்கு வரும், மாமியாருக்குச் சர்க்கரை ஆகாது, பிள்ளைக்கு எந்த பிஸ்கட் ஒவ்வாது, போன வாரம் வாங்கிய ரவையில் வண்டு இருந்தது என்ற கணக்கு முழுவதும் அந்தத் தலையில் இருந்தது. அந்தக் கணக்கு யார் கைக்கும் மாறவில்லை.

இதைச் சொல்ல எனக்கு ஒரு புள்ளிவிவரம் துணைக்கு வந்தது. 2019 ஜனவரி முதல் டிசம்பர் வரை தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. அறிக்கை 2020 செப்டம்பரில், ஊரடங்குக்கு நடுவே வெளியானது. ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் 81.2 சதவீதம்; ஆண்கள் 26.1 சதவீதம். ஈடுபடுபவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் பெண்களுக்கு நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97. இது கொள்ளைநோய்க்கு முந்தைய ஆண்டின் கணக்கு. பள்ளி திறந்திருந்த, வேலைக்கு ஆள் வந்த, கடை இரவு பத்து வரை திறந்திருந்த ஆண்டின் கணக்கு. அந்த 299க்கு மேல்தான் ஊரடங்கின் நிமிடங்கள் ஏறி உட்கார்ந்தன.

வீட்டுக்காகக் கடைக்குப் போகும் நேரத்தையும் அந்தக் கணக்கெடுப்பு வீட்டு வேலையாக எண்ணுகிறது. அது நல்ல மாற்றம். ஆனால் வகுப்பில் சிலப்பதிகாரம் நடத்திக்கொண்டிருக்கும்போதே நாளைக் காலைக்குப் பால் இல்லை என்று நினைவு வருகிறதே, அதை எந்த நிமிடத்தில் எழுதுவது? என் சிட்டைகளில் பல, பாடக்குறிப்பின் ஓரத்தில் தொடங்கியவை. ஒன்றில் ‘அடைக்கலக் காதை: சிறு வினாக்கள்’ என்ற தலைப்புக்குக் கீழே ‘புளி, மிளகு, டெட்டால்’ என்று இருக்கிறது. இரண்டும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. முதல் வரிக்குச் சம்பளம் உண்டு.

ஆயிரம் ரூபாயின் பயணம்

2021 மே மாதத்தில் இரண்டாம் அலை. கடை நேரம் பன்னிரண்டு, பிறகு பத்து, பிறகு பூஜ்யம். காலை பத்து மணிக்கு மூடும் கடைக்கு வேலைக்குப் போகும் பெண் எப்போது போவாள் என்ற கேள்வி மீண்டும் எழுந்தது. மே 24க்குப் பிறகு தெருவுக்குக் காய்கறி வண்டி வந்தது. சில நாளில் மளிகையும் வண்டியில் வந்தது. எனக்கு அது முந்தைய ஆண்டைவிட எளிதாக இருந்தது. கடைக்கு ஆள் போவதற்குப் பதில் ஆளிடம் கடை வந்தபோது, பிள்ளையைப் பூட்டுவதா கூட்டிப்போவதா என்ற கேள்வியே எழவில்லை. முதல் ஆண்டிலேயே இப்படி யோசித்திருக்கலாம். யோசிக்கும் மேசையில், பூட்டிய வீட்டுச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

அந்த ஆண்டு அட்டைக்கு 4,000 ரூபாய் இரண்டு தவணையாகக் கிடைத்தது. 14 வகை மளிகைப் பொருட்களும் சேர்ந்தன. அதே மே மாதத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயண ஆணை வந்தது. 2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய்.

2020 ஏப்ரலில் அதே 1,000 ரூபாய் நிவாரணமாகக் குடும்ப அட்டைக்குப் போனது. அது யார் கையில் சேர்ந்தது, எதற்குச் செலவானது என்பது வீட்டுக்கு வீடு வேறு. மே 7 அன்று சென்னை தவிர்த்த இடங்களில் மதுக்கடைகளைத் திறந்தபோது பல ஊர்களில் பெண்கள் தெருவுக்கு வந்து போராடியது வெறும் ஒழுக்கப் பிரச்சினையால் அல்ல. அரிசிக்கான பணம் எந்தக் கல்லாவுக்குப் போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மூன்றாண்டு கழித்து அதே தொகை பெண்ணின் பெயரில், உரிமை என்ற சொல்லோடு வந்தது. வீட்டில் அவள் செய்யும் வேலைக்கு அது கூலியாகாது. 299 நிமிடத்தை முப்பது நாளால் பெருக்கி, ஆயிரத்தை வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஏழு ரூபாய்கூட வராது. ஆனாலும் நிவாரணம் என்ற சொல்லுக்கும் உரிமை என்ற சொல்லுக்கும் இடையில் உள்ள தூரம் சிறியதல்ல. சொல்லை வைத்துப் பிழைக்கிறவள் என்பதால் அந்தத் தூரத்தை நான் மதிக்கிறேன்.

அடுத்த கொள்ளைநோய் வரும், அல்லது 2015 போல வெள்ளம் வரும். மறுபடியும் கடை நேரம் அறிவிப்பார்கள். அப்போது சில கேள்விகளை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். இந்த நேரத்தில் வேலையில் இருப்பவர்கள் யார்? தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு ஒரு மணிநேரத்தைத் தனியே ஒதுக்க முடியுமா? தெருவில் கூவி விற்கும் பெண்ணுக்கு அத்தியாவசியப் பணியாளர் அட்டை கிடைக்குமா? அன்றாடம் வாங்கிச் சமைப்பவருக்கு நான்கு நாள் சாமானை யார் முன்பணமாகத் தருவார்? இவற்றுக்குப் பதில் சொல்லப் பெரிய நிபுணத்துவம் தேவையில்லை. காலை ஆறு மணி வரிசையில் நின்ற நான்கு பெண்களைக் கூப்பிட்டுக் கேட்டால் போதும்.

வாசிக்கிற தோழிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் எங்காவது ஒரு டப்பாவில், அலமாரித் தாளுக்கு அடியில், கைப்பை மடிப்பில் அந்தக் காலத்துச் சிட்டைகள் கிடக்கலாம். அலைபேசிக் குறிப்பாக இருக்கலாம், கணவருக்கு அனுப்பிய வாட்ஸப் செய்தியாக இருக்கலாம். அழித்துவிடாதீர்கள். தேதி எழுதி வையுங்கள். முடிந்தால் அன்று வீட்டில் எத்தனை பேர், யார் போனது, எவ்வளவு நேரம் ஆனது என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். நூறாண்டு கழித்து ஒரு பெண் 2020ஐப் பற்றி ஆராய வருவாள். 1918ஐத் தேடிப்போன எனக்குக் கிடைக்காத துண்டுத்தாள் அவளுக்காவது கிடைக்கட்டும்.